கேம்கைனேசு-2
கேம்கைனேசு-2 என்பது விலங்குகளின் மூளையில் நினைவு உருவாவதில் பங்காற்றும் ஒரு நொதி ஆகும். இது ஐப்போகாம்பசு பகுதியில் மிகுதியாக உள்ளது. கற்கும்போது நரம்புச் செல்லினுள் நுழையும் கால்சியம் அயனிகள், கால்மோடுலின் புரதத்துடன் சேர்ந்து இந்நொதியைத் தூண்டுகின்றன. உடனே இதன் துணையலகுகள் ஒன்றன்மீது ஒன்று, 286ஆம் இடத்திலுள்ள திரியோனினில், பாசுபேட்டை ஏற்றுகின்றன. அதனால் கால்சியம் குறைந்த பின்னரும் நொதி ஓரளவு செயற்படுகிறது.

1992இல் ஆல்சினோ சில்வா, சுசுமு டோனேகாவா குழுவினர் இந்நொதியின் ஆல்பா வகைக்கான மரபணுவைச் சுண்டெலிகளில் நீக்கினர். அவை நீரில் மறைந்திருந்த மேடையின் இடத்தைக் கற்கத் திணறின. 1998இல் அந்த ஒரு திரியோனினை மட்டும் மாற்றியபோதும் இடநினைவு கெட்டது.

நரம்பிணைப்பு வலுப்படத் தொடங்குவதற்கு இந்நொதியின் வேதிவினையைவிட, பிற புரதங்களுடன் அது பிணையும் கட்டமைப்புப் பணியே முதன்மையானது என 2023இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது.