வினாடி வினாவில் வெல்பவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்?



தொலைக்காட்சி வினாடி வினாவில் ஒருவர் மளமளவென்று விடை சொல்வதைக் கண்டதும், "இவருக்குப் பிறவியிலேயே அபார மூளை" என்று சொல்லிவிடுகிறோம். ஒரு வைத்தியன் என்ற முறையில் இதை என்னால் முழுவதும் ஒப்புக்கொள்ள முடியாது. அப்படி வென்ற சிலர் எவ்விதம் ஆயத்தம் செய்தார்கள் என்பது வெளிப்படையாகத் தெரிந்த விடயம். அதை அறிந்துகொள்வது எமது பிள்ளைகளுக்கும், பிரஜாவுரிமைப் பரீட்சைக்குத் தோற்ற இருக்கும் பெரியவர்களுக்கும் பயன் தரும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

எம்மவர்கள் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்த 1980-களில், இந்நாட்டுத் தொலைக்காட்சியில் ஒட்டோ லைஸ்னர் நடத்திய 'க்விட் எல்லர் டொபெல்ட்' மிகவும் பிரபலம். வென்றால் இரட்டிப்பு, தவறினால் ஒன்றுமில்லை என்பது அதன் கருத்து. இங்கே 1950-களிலேயே ஒரு முறை நடந்து பெயர் பெற்ற போட்டி அது. அதற்கு மூலம், 1955-இல் அமெரிக்காவில் தொடங்கிய 64,000 டொலர் பரிசுப் போட்டி. போட்டியாளர் ஒரே ஒரு துறையைத் தெரிந்தெடுத்து, அதிலேயே மேலும் மேலும் கடினமாகும் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

அமெரிக்கப் போட்டியில் 1955-இல் முழுப் பரிசையும் வென்றவர் ஜோய்ஸ் பிரதர்ஸ் என்ற உளவியல் அறிஞர். கணவர் அப்போது வைத்தியப் பயிற்சியில் இருந்தார், வருமானம் போதவில்லை. அந்த அம்மையாருக்குக் கிடைத்த துறை குத்துச்சண்டை! முன்பின் பழக்கமில்லாத அந்த விளையாட்டின் தடித்த கலைக்களஞ்சியங்களைச் சில வாரங்களில் கரைத்துக் குடித்துவிட்டே மேடை ஏறினார்.

எல்லாத் துறையிலும் கேள்வி வரும் போட்டிக்கு வேறு விதமான ஆயத்தம் வேண்டும். முன்னையது ஒரு கிணற்றை ஆழமாகத் தோண்டுவது; இது வயல் முழுவதும் மேலோட்டமாக உழுவது. அமெரிக்காவின் 'ஜெப்படி' போட்டியில் 2019-இல் ஒரே நாளில் 1,31,127 டொலர் வென்ற ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர், நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் போய்ப் படித்தார். சிறுவர் நூல்கள் படங்களோடு, சுருக்கமாக, அலுப்பின்றி விளக்குகின்றன என்பது அவர் சொன்ன காரணம். அதே போட்டியில் 2010-இல் ஒரு நாளில் 77,000 டொலர் வென்ற ரொஜர் கிரெய்க், பழைய கேள்விகளையெல்லாம் சேர்த்து, எந்த வகைக் கேள்வி அடிக்கடி வருகிறது என்று கணினியால் ஆராய்ந்தார். தமக்குத் தெரியாதவற்றைக் குறித்த இடைவெளிகளில் மறுபடியும் மறுபடியும் தம்மையே கேட்டுக்கொண்டார்.

வெற்றியின் இரகசியம் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தை நான்கு தடவை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை வாசித்துவிட்டு, அதை மூடி வைத்து, நினைவில் நின்றதை மூன்று தடவை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தின் பின் பார்த்தபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழிந்ததும் நிலைமை தலைகீழாயிற்று: வாசித்தவர்களின் நினைவில் நின்றது சுமார் 40 வீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் சுமார் 61 வீதம்.

இதற்கு வயது தடையா? 1980-இல் பிரித்தானியாவின் 'மாஸ்டர்மைண்ட்' போட்டியில் வாகை சூடியவர் ஃபிரெட் ஹவுஸ்கோ என்ற லண்டன் டாக்ஸிச் சாரதி. அந்தச் சாரதிகள் அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு ஏறக்குறைய 25,000 வீதிகளை மனத்தில் பதிக்க வேண்டும். அதற்கு மூன்று நான்கு வருடங்கள் பிடிக்கும். பயிற்சி பெற்றவர்களை எலெனோர் மக்வயரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். தேறியவர்களின் மூளையில், ஞாபகத்துக்கு உதவும் ஹிப்போகம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் வளர்ந்திருந்ததை 2011-இல் வெளியிட்டார்கள். இவர்கள் வளர்ந்த மனிதர்கள், பள்ளிப் பிள்ளைகள் அல்லர்.

எமக்கும் இது புதிதன்று. புலோலி தந்த சதாவதானி நா. கதிரைவேற்பிள்ளை போன்றோர், சபை நடுவே நாலா பக்கமும் எழும் கேள்விகளை நினைவில் நிறுத்தி விடை பகர்ந்த பரம்பரை எம்முடையது.

இனி, பரீட்சைக்கு வருவோம். டெனிஷ் பிரஜாவுரிமைப் பரீட்சையில் 45 நிமிடத்தில் 45 கேள்விகள். 36 சரியாக வேண்டும். இந்நாட்டு விழுமியங்கள் பற்றிய ஐந்தில் நான்காவது சரியாக வேண்டும். "ஐயா, எத்தனை தரம் வாசித்தும் நிற்குதில்லை" என்று என்னிடம் சொல்லும் தாய்மார் பலர். அம்மா, குறை உங்கள் மூளையில் இல்லை, படிக்கும் முறையில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வாசித்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தவறியதை ஒரு கொப்பியில் எழுதி, மறுநாளும், மூன்றாம் நாளும், அடுத்த வாரமும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்யுங்கள். முதல் நாள் இரவு கண்விழிக்காதீர்கள். படித்தது உறக்கத்தில்தான் மூளையில் உறுதிப்படுகிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 1950-களில் அமெரிக்காவின் 'டுவென்டி வன்' போட்டியில் நாடே கொண்டாடிய சார்ள்ஸ் வான் டோரன், தமக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டன என்று 1959-இல் காங்கிரஸ் விசாரணையில் ஒப்புக்கொண்டார். எப்படித் தயங்குவது என்றுகூட அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு விடையை ஊட்டினால் கேடயம் கிடைக்கலாம். அறிவு வந்து சேராது. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். பிள்ளை தடுமாறித் தேடும் அந்தச் சில விநாடிகளில்தான் படிப்பு நடக்கிறது.

2020 ஜனவரியில் தமிழ்நாட்டின் 'கோடீஸ்வரி' நிகழ்ச்சியில் ஒரு கோடி ரூபாவை வென்ற மதுரை கௌசல்யா கார்த்திகா, காது கேளாத, வாய் பேச இயலாத பெண்மணி. அவரால் முடிந்தது என்றால், 36 கேள்விகள் எம்மால் முடியாதவை அல்ல. இன்றிரவே ஒரு பக்கத்தை வாசித்து, புத்தகத்தை மூடி வைத்துத் தொடங்குங்கள்.