கரியின் வடிவம் மாறினால் இரும்பின் குணமே மாறும், தெரியுமா?

மேலூர் பக்கம் திருவாதவூர் என்றால் மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஊர் ஓவாமலைக் குகைத்தளத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டிய தமிழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கெட்டிப் பாறையில் எழுத்து வெட்ட, அடியைத் தாங்கும் உளி வேண்டும். வார்ப்பிரும்பில் உளி செய்திருந்தால் நாலு அடியிலேயே தெறித்திருக்கும்! ஆனால் இன்று மதுரைச் சீமை வயல்களில் தண்ணீர் இறைக்கும் மோனோபிளாக் பம்பின் உடம்பு பெரும்பாலும் வார்ப்பிரும்புதான். உளிக்கு உதவாதது பம்புக்கு எப்படி உதவுகிறது? கேட்கக் கேட்க வியப்பு கூடும் கதை இது!

இரும்பை இளக வைப்பது கரி, அதாவது கார்பன்தான், தெரியுமா?

சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதில் நூற்றுக்கு 4 பங்கு போலக் கரி சேர்ந்துவிட்டால் சுமார் 1,150 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். கிட்டத்தட்ட 400 டிகிரி மிச்சம்! அப்படிக் கிடைக்கும் வார்ப்பிரும்பு தண்ணீர் போல ஓடி அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறைவதால்தான் வளைவும் நெளிவுமான பம்பு உடம்பை ஒரே வார்ப்பில் எடுக்க முடிகிறது.

வார்ப்பிரும்பு ஏன் பட்டென்று உடைகிறது, தெரியுமா?

சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பைப் பளபளவென்று தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். கரி மெல்லிய தகடு தகடாக இரும்புக்குள் படிந்திருக்கும். இழுத்தால் ஒவ்வொரு தகட்டின் கூர்முனையும் கீறலுக்கு வழி திறந்துவிடும். ஆனால் அழுத்திப் பாருங்கள்: இழுவையைத் தாங்குவதைப் போல மூன்று, நான்கு மடங்கு தாங்கும்! அதிர்வை விழுங்குவதும் அதே தகடுகள்தான். லேத் மெஷினின் படுக்கையைத் தலைமுறை தலைமுறையாக வார்ப்பிரும்பில் செய்வது அதனால்தான்.

ஒரே லேடிலில் இரண்டு இரும்பு இருக்கிறது, தெரியுமா?

பவுண்டரியில் வார்ப்பதற்கு முன் ஆப்பு வடிவச் சிறு துண்டு ஒன்றை வார்த்து, ஆறவைத்து, சுத்தியலால் உடைத்துப் பார்ப்பார்கள். சீக்கிரம் ஆறிய மெல்லிய நுனி வெள்ளை வெளேரென்று மின்னும். அங்கே கரி தனியாகப் பிரியாமல் இரும்போடு சேர்ந்துவிட்டது. அரத்தால் ராவ முடியாத கடினம்! மெதுவாக ஆறிய தடித்த பக்கம் சாம்பல் நிறம். அந்த வெள்ளை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்தே கைதேர்ந்தவர் இரும்பின் நாடியைப் பிடித்துவிடுவார். இன்றைக்கு டெல்லூரியம் பூசிய சின்னஞ்சிறு கிண்ணத்தில் ஒரு வாய் இரும்பை ஊற்றினால், அது ஆறும்போது எந்தெந்த வெப்பநிலையில் தயங்கி நிற்கிறது என்பதை வைத்தே கரியின் அளவைக் கருவி சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது!

பேட்டர்ன் செய்பவரின் ஸ்கேல் வேறு, தெரியுமா?

வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். அதனால் பேட்டர்ன் செய்பவர் தனி ஸ்கேல் வைத்திருப்பார். அதில் ஒரு மீட்டர் என்பது நம் மீட்டரை விட ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீளம்! இன்னொரு அதிசயம்: உறையும் நேரத்தில் உள்ளே பிரியும் கரி, இரும்பை விட மூன்று மடங்குக்கு மேல் லேசானதால், இடத்தை அடைத்துக்கொண்டு உப்பும். திரவம் உறையும்போது வரும் சுருக்கத்தில் பெரும்பகுதியை அந்த உப்பலே ஈடுகட்டிவிடும்!

கைப்பிடி மணலும் ஆய்வுக்கூடம்தான், தெரியுமா?

மணல், பெண்டோனைட் களிமண், நிலக்கரித் தூள், கொஞ்சம் தண்ணீர்: அச்சுக்கு இவ்வளவுதான். மோல்டர் ஒரு பிடி அள்ளி இறுக்கி, இரண்டாக உடைப்பார். விளிம்பு உதிராமல் நின்றால் மணல் சரி. ஈரம் மிஞ்சினால் நீராவி கிளம்பி வார்ப்பில் துளை விழும். நிலக்கரித் தூள் எதற்கு? கொதிக்கும் இரும்பு பட்டதும் அது வாயுவாகி, மணலுக்கும் இரும்புக்கும் நடுவில் மெல்லிய திரை போடும். வார்ப்பின் முகம் வழவழவென்று வரும்!

ஒரு சிட்டிகை மெக்னீசியம் உலகத்தையே மாற்றியது, தெரியுமா?

1943. போர்க்காலக் குரோமியத் தட்டுப்பாடு. அமெரிக்காவில் இன்கோ நிறுவன ஆய்வுக்கூடத்தில் கீத் மில்லிஸ் மாற்று உலோகங்களைத் தேடுகிறார். உருகிய இரும்பில் மெக்னீசியத்தைச் சேர்த்துப் பார்க்கிறார். கரி தகடாகவில்லை, உருண்டை உருண்டையாக நிற்கிறது! 1948-ல் உலகுக்கு அறிவித்தார்கள். இறுதியில் இரும்பில் தங்கும் மெக்னீசியம் வெறும் 0.03 முதல் 0.05 சதவீதம். அதற்கே, ஒரு சதவீதம்கூட நீளாமல் முறிந்த வார்ப்பிரும்பு, சில ரகங்களில் 18 சதவீதம் வரை நீளும்! மெக்னீசியம் கொதிப்பதோ 1,090 டிகிரியில். 1,400 டிகிரி தாண்டிய இரும்பில் பட்டதும் கண்கூசும் வெளிச்சத்தோடு சீறும். வேகமாக வார்க்காவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பலன் மங்கத் தொடங்கிவிடும். சுத்தியலால் தட்டினாலே ஆள் தெரிந்துவிடும்: உருண்டைக் கரி என்றால் கணீர், தகட்டுக் கரி என்றால் மந்தம்! குடிநீருக்குப் புதைக்கும் டி.ஐ. (டக்டைல் அயர்ன்) பைப் இந்த இரும்புதான்.

சேலத்துக் கல்லைக் கடற்கரையில் உருக்கினார்கள், தெரியுமா?

1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்தார். சேலத்துக் காந்த இரும்புக்கல், எரிக்க மரக்கரி; வார்த்த இரும்புக் கட்டி கப்பலில் இங்கிலாந்துக்கே போனது! உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமையும் வாங்கினார். பலர் அதைப் பயன்படுத்திப் பணம் பார்த்தார்கள்; ஹீத் வழக்கு நடத்தியே ஓய்ந்து 1851-ல் மறைந்தார்.

தெருக் கைப்பம்பு பெரிய பாடம் கற்பித்தது, தெரியுமா?

1960-களிலும் 70-களிலும் ஊர்களில் போர்வெல் போட்டு மாட்டிய வார்ப்பிரும்புக் கைப்பம்புகள் ஒரு குடும்பம் அடிப்பதற்கான வடிவம். ஊரே விடியலிலிருந்து இருட்டும் வரை அடித்தால்? உடைந்தன! ஆயிரக்கணக்கில் செயலிழந்தன. யுனிசெஃப் துணையோடு, ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் நிறுவனத்தின் சென்னை ஆலை உருக்குத் தகட்டில் புதுப் பம்பு செய்தது. தண்ணீர் ஆழத்தில் கிடக்கும் கோவைப் பகுதியில்தான் அதைச் சோதித்தார்கள். அதுதான் இந்தியா மார்க் 2! ஆப்பிரிக்கக் கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் வார்ப்பிரும்பு தோற்றுவிட்டதா? இல்லவே இல்லை. அழுத்தமும் அதிர்வும் வரும் இடத்தில் அதற்கு நிகர் அதுதான். இழுவையும் அடியும் வரும் இடத்தில் உருண்டைக் கரியோ உருக்கோ வேண்டும். பொருளைப் பழிப்பதை விட்டு, அதன் உள்ளே கரி எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது இந்த அறிவு. மதுரையில் பொறியியல் படிக்கும் தம்பி, தங்கைகளே! உடைந்த பம்புத் துண்டு கையில் கிடைத்தால் காயலான் கடைக்கு எறியாதீர்கள். முறிந்த முகம் வெள்ளையா, சாம்பலா என்று பாருங்கள். தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். கரி தகடா, உருண்டையா என்று கண்டுபிடியுங்கள். பாடப் புத்தகத்தின் ஒரு அத்தியாயம் முழுக்க அந்த ஒரு துண்டில் இருக்கிறது!