பூர்ணம் விஸ்வநாதன்

பூர்ணம் விஸ்வநாதன் (1921 – அக்டோபர் 1, 2008) தமிழ் வானொலிச் செய்தி வாசிப்பாளர், மேடை நாடகக் கலைஞர், திரைப்படக் குணச்சித்திர நடிகர் ஆவார். அனைத்திந்திய வானொலியில் இந்திய விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்தவர் என்ற சிறப்பு இவருக்கு உண்டு. எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றியதிலும் இவருக்கு முதன்மையான பங்கு உண்டு.

குடும்பம்

திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த இவருடைய குடும்பத்தில் எழுத்துத் துறையில் பெயர் பெற்றவர்கள் உள்ளனர். "முள்ளும் மலரும்" புதினத்தை எழுதிய உமாசந்திரன் இவருடைய உடன்பிறந்தவர். அப்புதினம் 1978-இல் மகேந்திரன் இயக்கத்தில் திரைப்படமாக வெளிவந்தது. ருசிய இலக்கியங்களைத் தமிழாக்கம் செய்த பூர்ணம் சோமசுந்தரமும் இவருடைய உடன்பிறந்தவரே.

வானொலிப் பணி

அக்காலத்தில் தமிழ்ச் செய்தியறிக்கைகள் தில்லியிலிருந்து ஒலிபரப்பாயின. செய்திகள் முதலில் ஆங்கிலத்தில் தொகுக்கப்படும். அவற்றை மொழிபெயர்ப்பதும் வாசிப்பதும் பெரும்பாலும் ஒருவர் பொறுப்பிலேயே இருந்தன. குறுகிய நேரத்தில் பிழையின்றி மொழிபெயர்த்து, குறித்த நிமிடங்களுக்குள் நேரடியாக வாசித்து முடித்தல் வேண்டும். தடுமாறினால் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை. செய்தி மகிழ்ச்சிக்குரியதாயினும் துயரமானதாயினும் வாசிப்பவரின் உணர்ச்சி குரலில் மிகுந்து வெளிப்படலாகாது என்பதும் இத்துறையின் நெறி.

1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா விடுதலை பெற்ற செய்தியைப் பூர்ணம் விஸ்வநாதன் தமிழில் வாசித்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. தொலைக்காட்சி இல்லாத அக்காலத்தில் செய்தித்தாள் மறுநாளே கைக்கு வரும் ஊர்கள் பல இருந்தன. அத்தகைய ஊர்களில் பெருநிகழ்வுகள் வானொலி வழியாகவே முதலில் தெரிய வந்தன. அவர் முகத்தை அறியாதவர்களும் குரலை அறிந்திருந்தனர்.

மேடை நாடகங்கள்

தில்லியில் பணியாற்றியபோதே தமிழ் நாடகங்களில் நடித்து வந்த இவர், பின்னர் சென்னையில் "பூர்ணம் நியூ தியேட்டர்ஸ்" என்னும் குழுவை நடத்தினார். சபா நாடகங்களில் நகைச்சுவைத் துணுக்குகளைக் கோத்து அமைத்தவை பெருகியிருந்த காலம் அது. இவர் அந்த வழியில் செல்லாமல் சுஜாதாவின் நாடகங்களைத் தேர்ந்தெடுத்தார். பெங்களூரில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா அப்போது சிறுகதைகளாலும் தொடர்கதைகளாலும் புகழ்பெற்றிருந்தார். அவருடைய நாடகங்கள் மேடையில் உயிர்பெற இக்குழு துணையாயிற்று.

இவர் மேடையேற்றிய சுஜாதா நாடகங்களுள் சில:

- கடவுள் வந்திருந்தார்
- டாக்டர் நரேந்திரனின் விநோத வழக்கு
- அடிமைகள்
- ஊஞ்சல்
- அன்புள்ள அப்பா

"கடவுள் வந்திருந்தார்" நாடகத்தில் பணி ஓய்வு பெற்ற சீனிவாசன் என்பவரிடம் எதிர்காலத்திலிருந்து ஒருவன் வருகிறான். அவன் மற்றவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே சீனிவாசனுக்குப் பித்துப் பிடித்துவிட்டதாகக் குடும்பத்தினர் கருதுகின்றனர். வெறும் காற்றை நோக்கிப் பேசும் நடிகர், அங்கே ஒருவர் இருப்பதாகப் பார்வையாளரை நம்பச் செய்ய வேண்டும். அதைக் குரலும் பார்வையுமே செய்தாக வேண்டும். செய்தி அறிக்கையின் எழுத்துத் தமிழுக்கு நேர்மாறாக, நடுத்தரக் குடும்பத்தின் பேச்சுத் தமிழில் அமைந்த உரையாடல்கள் இவை.

திரைப்படங்கள்

திரைப்படங்களில் இவர் பெரும்பாலும் தந்தை, தாத்தா, தலைமையாசிரியர் முதலிய வேடங்களை ஏற்றார். கே. பாலசந்தரின் "வறுமையின் நிறம் சிவப்பு" (1980) படத்தில் கமல்ஹாசனின் தந்தையாக, ஆசாரமும் கண்டிப்பும் மிக்கவராக நடித்தார். "மூன்றாம் பிறை" (1982) படத்தில் தலைமையாசிரியராகத் தோன்றினார். "புதுப்புது அர்த்தங்கள்" (1989) படத்தில் இவரும் சௌகார் ஜானகியும் முதிய தம்பதியராக நடித்தனர்.

வசந்தின் "கேளடி கண்மணி" (1990) இவருடைய படங்களுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அதில் இவரும் ஸ்ரீவித்யாவும் கதாநாயகியின் பேச்சும் செவிப்புலனும் அற்ற பெற்றோராக நடித்தனர். குரலால் அறியப்பட்ட கலைஞர் குரலின்றி முகத்தாலும் கைகளாலும் மட்டுமே நடித்த வேடம் இது. மகளைப் பிரிய அஞ்சும் தந்தையின் தவிப்பைச் சொற்களின்றியே புலப்படுத்தினார். "மகாநதி" (1994) படத்தில் சிறைவாசியான பஞ்சாபகேசன் வேடமும், "ஆசை" (1995) படத்தில் ஏற்ற தந்தை வேடமும் பலராலும் நினைவுகூரப்படுபவை.

மறைவு

பூர்ணம் விஸ்வநாதன் 2008 அக்டோபர் 1 அன்று சென்னையில் காலமானார். சுஜாதா அதே ஆண்டு பிப்ரவரி 27 அன்று காலமாகியிருந்தார்.

வானொலி, மேடை, திரை ஆகிய மூன்றிலும் இவர் பணியாற்றினாலும் மூன்றும் ஒரே அளவில் எஞ்சவில்லை. நேரடிச் செய்தி வாசிப்பு ஒலித்த கணத்தோடு முடிந்துவிடும் இயல்புடையது. மேடை நாடகங்களின் உரையாடல்கள் நூல் வடிவில் கிடைக்கின்றன. ஆனால் அவற்றை இவர் பேசிய முறையை நூல் காட்டாது. எனவே பிற்காலத்தவர் இவரைப் பெரிதும் திரைப்படங்கள் வழியாகவே அறிகின்றனர். அவையோ, ஏறத்தாழ அறுபது வயதை நெருங்கிய பின்னர் இவர் ஏற்ற சிறு வேடங்களே மிகுதியும் கொண்டவை.