புறப்பாட்டில் தொடங்கும் தண்டனை: அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் காலங்கடந்த தங்கலும் மறுநுழைவுத் தடையும்

முன்னுரை

முறையாக நுழைந்து, அனுமதிக்கப்பட்ட காலம் முடிந்த பின்னும் தங்கிவிடுவோரை, எல்லையை மறைவாகக் கடந்தோரினின்று அமெரிக்கச் சட்டம் வேறுபடுத்தி நோக்குகிறது. இவ்வாறு தங்குதல் அந்நாட்டில் தன்னளவில் குற்றவியல் குற்றமன்று. நாட்டினின்று அகற்றப்படுவதற்குரிய உரிமையியல் மீறலாகும். எனினும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இம்மீறலுக்குக் கடுமையான விளைவொன்றை இணைத்தது. அது செயற்படும் முறையையும், தன் நோக்கத்திற்கே முரணாக அமையும் நிலையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தங்கும் காலத்தின் எல்லை

விசாவில் குறித்துள்ள இறுதி நாளே தங்குவதற்கான எல்லை எனப் பலர் கருதுவர். விசா என்பது நுழைவிடத்திற்கு வந்து அனுமதி கோருவதற்கான ஆவணமேயாகும். தங்கும் காலத்தை அங்குள்ள அதிகாரியே முடிவுசெய்கிறார். அது ஐ-94 எனும் வருகைப் பதிவில் இடம்பெறும். பத்தாண்டு விசா பெற்ற சுற்றுலாப் பயணிக்கும் ஒரு வருகைக்குப் பொதுவாக ஆறு மாதமே வழங்கப்படுகிறது. எனவே செல்லத்தக்க விசாவைக் கையில் வைத்திருப்பவரும் காலங்கடந்து தங்கியவராகக்கூடும்.

மூன்றாண்டும் பத்தாண்டும்

1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 180 நாள்களுக்கு மேலும் ஓராண்டிற்குக் குறைவாகவும் சட்டவிரோதமாக இருந்து தாமே வெளியேறியவர் 3 ஆண்டுகளுக்கு மீண்டும் நுழைய இயலாது. ஓராண்டோ அதற்கு மேலோ இருந்து வெளியேறியவர்க்குத் தடை 10 ஆண்டுகளாகும். 1997 ஏப்ரல் 1 முதலான காலமே இக்கணக்கில் சேரும். 18 வயது நிறைவதற்கு முன் கழிந்த காலம் சேராது. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு: நாட்டிற்குள் இருக்கும்வரை இத்தடை எழுவதில்லை, புறப்பாடே அதனைத் தொடங்கிவைக்கிறது.

குடும்பங்கள் எதிர்கொள்ளும் நிலை

முறையாக நுழைந்து அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர், காலங்கடந்து தங்கியிருப்பினும், நாட்டிற்குள்ளிருந்தே நிரந்தர வதிவுரிமை கோரலாம். அவ்விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் முன்னனுமதி பெற்றுச் சென்று திரும்புவோர்க்குத் தடை பொருந்தாது எனக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2012இல் தீர்ப்பளித்தது. முன்னனுமதியின்றித் தாயின் இறுதிச் சடங்கிற்குச் சென்றாலும் தடை வந்துசேரும்.

நிரந்தர வதிவுரிமை மட்டுமே உடையவரை மணந்தவரின் நிலை இதனினும் கடினமானது. அவர் பொதுவாக வெளிநாட்டுத் தூதரகத்தின் வழியாகவே குடியேற்ற விசா பெற வேண்டும். அதன்பொருட்டுப் புறப்பட்டாலோ தடைக்கு உள்ளாவார். வாழ்க்கைத் துணைக்கோ பெற்றோர்க்கோ மிகக் கடுமையான இன்னல் விளையும் என நிறுவினால் விலக்குப் பெறலாம்; அவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவோ நிரந்தர வதிவுரிமை உடையோராகவோ இருத்தல் வேண்டும். பிள்ளைகளுக்கு நேரும் இன்னல் இதற்குத் தனித்த அடிப்படையாக ஏற்கப்படுவதில்லை. புறப்படுமுன்பே இவ்விலக்கைத் தற்காலிகமாகக் கோரும் முறை 2013இல் வந்தது. 2016இல் அது விரிவுபடுத்தப்பட்டது.

முடிவுரை

காலங்கடந்தோரை வெளியேறச் செய்வது சட்டத்தின் நோக்கம். வெளியேறியவரைத் தடுப்பது அதன் வழிமுறை. 180ஆம் நாள் வரை அது புறப்படத் தூண்டுகிறது. அந்நாளைக் கடந்து, குடும்பத்துடன் வேரூன்றியவர்க்கோ புறப்பாடு நெடும்பிரிவாகிறது. அகற்றப்படும் அச்சத்துடன் தங்கியிருப்பதே அவர்க்குக் குறைந்த இழப்பாகத் தோன்றுகிறது. ஆதலின் அமலாக்கத்தின் வலிமையை அகற்றப்பட்டோர் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. தாமே புறப்பட விழைவோர்க்குச் சட்டம் விட்டுவைத்துள்ள வழியையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.