சங்கத்துக் கணனியும் பிரதியும்

வெங்காயம் விற்ற காசுக்கு வந்தவரிடம், "கணனி பிரதி எடுக்குது, பின்னேரம் வாருங்கோ" என்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் சொல்லக் கேட்டோம். பிரதி வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். 1981இல் யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதியைத் தவறவிட்டவர்கள் அலைந்த அலைச்சலை நீங்களே அறிவீர்கள். ஆனால் பிரதிக்காக அரைநாள் வேலையை நிறுத்தவேண்டியதில்லை.

ஏன் நிறுத்துகிறார்கள்? நெல்லை அளந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் குவியலில் மேலும் கொட்டினால் அளவு பிழைக்கும். அதுபோல, பிரதி எடுக்கையில் கணக்குப் பதிந்தால் வரவு பிரதியில் இருக்கும், செலவு இராது.

ஞாயிறு இரவு முழுப்பிரதி எடுக்கலாம். மற்ற நாட்களில், முந்திய பிரதிக்குப் பின் மாறிய பதிவுகள் மட்டும் போதும். அது வெகு விரைவில் முடியும். மீட்கும்போதுதான் கவனம் வேண்டும்: முழுப்பிரதியோடு நாட்பிரதிகளை வரிசையாகச் சேர்க்கவேண்டும், இடையில் ஒன்று கெட்டால் அதற்குப் பிந்தியவை உதவா. இன்றைய கணனி ஏற்பாடுகள் பலவற்றில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு கணத்தின் நிலையைப் படம்பிடித்ததுபோல் பிடித்துவைத்து, அதிலிருந்து பிரதி எடுக்கும். காசு கொடுக்கும் வேலை தொடர்ந்து நடக்கும்.

எடுத்த பிரதி அதே கட்டடத்து அலுமாரியில் இருந்தால் தீக்கு இரண்டும் ஒன்றே. வேறு ஊரில் ஒன்று இருக்கட்டும். பொதுக்கூட்டத்தில் கேளுங்கள்: பிரதியிலிருந்து கணக்கை மீட்டுப் பார்த்தது கடைசியாக எப்போது?