லாரியை முந்தும் பத்து நொடி



நம் டிரஸ்டுக்கு வரும் மனுக்களை மாதம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கிறோம். படிப்புச் செலவு, மருத்துவச் செலவு, குமர் காரியம் என்று பலவகை. இத்தாவில் இருக்கும் மகளுக்காகத் தகப்பனார் கொண்டு வரும் மனு வந்தால் மட்டும் அறையில் சிறிது நேரம் யாரும் பேசுவதில்லை. இறந்தவருக்கு முப்பது வயதுகூட நிரம்பியிருக்காது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பைக்.

சென்ற ஆண்டு வந்த ஒரு மனுவைப் பற்றி, ஊர் பெயர் எதுவும் இல்லாமல் இங்கே சொல்கிறோம். கம்பெனி வேலை முடிந்து இரவில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த வாலிபர். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலை. முன்னால் பாரம் ஏற்றிய லாரி மெதுவாகப் போகிறது. பின்னாலிருந்து வந்த ஒரு கார் லாரியை முந்தியது. கார் போகிறதே, நாமும் போகலாம் என்று இவர் காரின் வாலைப் பிடித்துக்கொண்டு போனார். எதிரே டெம்போ வந்தது. கார்க்காரர் அதைப் பார்த்து இடது பக்கம் ஒதுங்கிவிட்டார். கார் மறைத்திருந்ததால் இவருக்கு டெம்போ தெரியவே இல்லை. ஹெல்மெட் போட்டிருந்தார். லைசென்ஸ் இருந்தது. வேகமும் அதிகமில்லை என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். முந்திய விதம் மட்டுமே தவறு.

ஹெல்மெட் போடுங்கள், வேகமாகப் போகாதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நாமும் பலமுறை எழுதிவிட்டோம். எப்படி முந்துவது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்குகிறோம், எட்டுப் போடும் மைதானத்தில் லாரி ஏது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நீங்கள் 80-ல் போகிறீர்கள். வித்தியாசம் 20 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர். லாரிக்கு 20 மீட்டர் பின்னாலிருந்து கிளம்பி, 18 மீட்டர் நீள டிரெய்லரைக் கடந்து, அதற்கு முன்னால் 20 மீட்டர் இடைவெளி விட்டு இடது பக்கம் திரும்ப வேண்டும். இதற்குப் பத்து நொடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் உங்கள் பைக் ஏறக்குறைய 240 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே ஒரு வண்டி 60-ல் வந்தால் அதுவும் 180 மீட்டர் வந்திருக்கும். ஆக, வலது பக்கம் இறங்கும் முன் 400 மீட்டருக்கு மேல் சாலை காலியாகத் தெரிய வேண்டும். மின்கம்பங்களுக்கு இடையே ஐம்பது மீட்டர் என்று வைத்துக்கொண்டால் எட்டுக் கம்பம் எண்ண வேண்டும். தளி ரோட்டிலோ ராயக்கோட்டை ரோட்டிலோ அந்த அளவு நேரான சாலை எத்தனை இடத்தில் இருக்கிறது என்பது அதில் போய்வரும் நம் பிள்ளைகளுக்கே தெரியும். இரவில் நம் ஹெட்லைட் வெளிச்சம் அந்தத் தூரத்தில் கால் பங்குகூடப் போவதில்லை.

லாரியின் பின்பக்கத்தை ஒட்டிப் போகிறவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பின்வாங்கி நின்றால்தான் சாலை தெரியும். முந்த நினைக்கும்போது நெருங்கிப் போவதுதான் எல்லோருக்கும் பழக்கம், அது தலைகீழ். தள்ளியே இருந்து, கண்ணாடியைப் பார்த்து, தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்து, இன்டிகேட்டர் போட்டு, ஹாரன் அடித்து, இரவானால் லைட்டை டிம்-பிரைட் அடித்துக் காட்டி, பிறகு தயங்காமல் கடந்து போக வேண்டும். பாதியில் சந்தேகம் வந்தால் வேகத்தைக் குறைத்து லாரியின் பின்னாலேயே வந்துவிடுவதில் வெட்கமில்லை. வளைவு, பாலம், மேடு ஏறும் இடம், கிளைச் சாலை பிரியும் இடம் ஆகியவற்றில் முந்தவே கூடாது.

லாரி டிரைவர் வலது இன்டிகேட்டர் போட்டால் 'நீ போ' என்று வழி விடுவதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். சில டிரைவர்கள் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் அவர் உண்மையிலேயே வலது பக்கம் திரும்பப் போகிறவராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் விளக்கு ஒன்றுதான். அதை நம்பி உயிரை வைக்காதீர்கள்.

நம் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நடுவே தடுப்பு இருப்பதால் எதிர் வண்டி பயம் குறைவு. (பெரியவர்கள் இன்னமும் இதை என்.எச். 7 என்றுதான் சொல்கிறார்கள்.) அங்கே ஆபத்து இடது பக்கம். ஜூஜூவாடியிலிருந்து சிப்காட் வரை லாரிகளும் கன்டெய்னர்களும் கம்பெனி பஸ்களும் இடது பக்கம்தான் திரும்புகின்றன, நிற்கின்றன, ஆளை இறக்குகின்றன. இடது சந்தில் புகுந்து முந்துகிறவரை டிரைவரால் பார்க்கவே முடியாது. ஒரு எளிய அடையாளம்: லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் முகமும் அவருக்குத் தெரியவில்லை. நீண்ட டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் ஒதுங்கி நிற்பவர் தாம் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் வந்துவிடும்.

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் அதிகம். அந்தப் பாரத்தோடு அவரால் சட்டென்று நிறுத்த முடியாது. அவரை முந்தியவுடன் அவர் முன்னாலேயே பிரேக் பிடிப்பது நாமே வரவழைத்துக்கொள்ளும் அழிவு. வேகமாகப் போகும் கன்டெய்னரின் பக்கத்தில் காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். சின்ன பைக்கில் மனைவி மக்களோடு போகிறவர் அதிலிருந்து ஒரு ஆள் அகலமாவது தள்ளி இருக்க வேண்டும். சூளகிரி தாண்டி இரவில் விளக்கில்லாமல் ஓரத்தில் நிறுத்தியிருக்கும் லாரிகளும் உண்டு. அதனால் இரவில் இடது ஓரம் காலி என்று நம்பிப் பாயக்கூடாது.

முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். முன் வண்டி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது நிதானமாக மூன்று முறை சுப்ஹானல்லாஹ் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன் அந்தக் கம்பத்தை நீங்கள் கடந்துவிட்டால் ரொம்ப நெருக்கம். மழையில் ஐந்து முறை. 60 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு நொடியில் மட்டும் வண்டி 17 மீட்டர் ஓடிவிடுகிறது.

இவ்வளவும் தெரிந்தவர்களும் முந்துகிறார்கள். காரணம் அவசரம். நம் மஹல்லாவில் அந்த அவசரம் இரண்டு நேரங்களில் உச்சத்துக்குப் போகிறது. ஒன்று வெள்ளிக்கிழமை மதியம். கம்பெனியில் கிடைப்பது சாப்பாட்டு நேரம் மட்டும். ஒரே பைக்கில் மூன்று பேர், தலையில் தொப்பி, ஹெல்மெட் கம்பெனியிலேயே. ஜும்ஆவுக்குப் போகிறோம், அல்லாஹ் காப்பாற்றுவான் என்கிறார்கள். இகாமத் கேட்டாலும் ஓடி வராதீர்கள், நிதானமாக நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுது விடுபட்டதை நிறைவு செய்யுங்கள் என்று கற்றுத் தந்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். பள்ளிவாசல் முற்றத்தில் ஓடுவதற்கே அனுமதியில்லை என்றால் நெடுஞ்சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் பாய்வதற்கு எங்கே அனுமதி? ஒரு ரக்அத் கிடைத்தாலும் ஜும்ஆ கிடைத்துவிடும். இதை நம் ஹஜ்ரத் அவர்கள் மிம்பரிலும் ஒருமுறை சொன்னால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருக்கிறோம்.

முந்தும்போது நாம் மட்டும் அடிபடுவதில்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாலையைக் கடக்கும் பெண் தொழிலாளியின் மேல் மோதி அவர் இறந்துவிட்டால், தவறுதலாக நடந்தது என்று கையை உதறிவிட முடியாது. தவறுதலான கொலைக்கும் சூரத்துந் நிஸாவின் 92-ஆம் வசனம் குடும்பத்துக்கு ஈட்டுத்தொகையும், அடிமையை விடுவிக்க இயலாதவருக்கு இரண்டு மாதத் தொடர் நோன்பும் சொல்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பின்னால் உட்காரும் நம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. புர்காவின் ஓரமும் துப்பட்டாவும் பின் சக்கரத்தில் சிக்கினால் இழுத்துக் கீழே தள்ளிவிடும். உட்கார்ந்தவுடன் துணியைச் சுருட்டி மடிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் சேலை கார்டு இருக்கட்டும். மகன் முந்தப் போகும்போது 'வேண்டாம்பா, மெதுவா போ' என்று தாய் சொன்னால் அதை எந்த வாலிபனும் தட்டமாட்டான். போலீஸ் சொன்னால் கேட்காதவனும் இதைக் கேட்கிறான்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் தகப்பனாருக்கு 2019 திருத்தச் சட்டப்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டி இன்ஷூரன்ஸில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு இருக்கிறதா என்றும் இன்றே எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பு மட்டும் இருந்தால், தானே விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு அதிலிருந்து எதுவும் வராது. ஆர்.சி. தகப்பனார் பெயரில் இருந்து மகன் ஓட்டினால் அந்த 15 லட்சமும் மகனுக்குப் பொருந்தாது. எங்களிடம் வரும் மனுக்களில் பாதிக் கண்ணீர் இந்த இடத்தில்தான்.

அவசரத்தின் இரண்டாவது நேரம் ரமழானில் மஃரிபுக்கு முந்தைய அரைமணி. சஹர் விழிப்பு, நாள் முழுக்கத் தாகம், ஷிஃப்ட் முடிந்த களைப்பு, வீட்டில் கஞ்சி காத்திருக்கிறது என்ற நினைப்பு. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஐம்பது கிலோமீட்டர். 60-க்குப் பதில் 80-ல் போனால் மிச்சமாவது பன்னிரண்டு நிமிடம், அதுவும் வழியில் நெரிசலே இல்லாவிட்டால். நோன்பு திறப்பதைத் தாமதிக்காமல் இருப்பது சுன்னத்துதான். அதற்கு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில்லை. ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும். பாங்கு நேரம் வந்தால் பெட்ரோல் பங்க்கிலோ டீக்கடை முன்பாகவோ வண்டியை ஓரம் கட்டி நோன்பு திறந்து, மஃரிபையும் தொழுதுவிட்டுக் கிளம்பலாம்.

இன்ஷா அல்லாஹ் வரும் ரமழானில், ஷிஃப்ட் வேலைக்குப் போகும் சகோதரர்களுக்காகப் பேரீச்சம்பழமும் சின்னத் தண்ணீர் பாட்டிலும் கொண்ட பொட்டலங்கள் நம் டிரஸ்ட் அலுவலகத்தில் தினமும் வைக்கப்படும். காலை ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் ஃபஜ்ருக்குப் பிறகும், மற்றவர்கள் லுஹருக்குப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம். எந்த மதத்துச் சகோதரருக்காகக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுப்போம். பைக் டேங்க் கவரில் வைக்கும் அளவுக்குத்தான் பொட்டலம் இருக்கும்.