உங்களுக்குத் தெரியுமா? முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அதே அரண்மனை

ருரிட்டானியா என்னும் கற்பனை நாட்டில், அரசனின் முகச்சாயலை அப்படியே கொண்ட ஆங்கிலேயன் ஒருவன் அவனுக்குப் பதிலாக முடிசூடி, பின்னர் வாளேந்தி அவனைச் சிறைமீட்கும் விந்தையைச் சொல்வதாலேயே, ஆண்டனி ஹோப் 1894-இல் எழுதிய ‘செண்டாவின் கைதி’ என்னும் நவீனம் படமெடுப்போரைத் திரும்பத் திரும்ப வசீகரித்திருக்கிறது. 1937-இல் ரொனால்டு கோல்மன் நடித்த படத்தின் திரைக்கதையையும், ஆல்பிரட் நியூமனின் இசையையுமே கையாண்டு, பெரும்பாலும் காட்சிக்குக் காட்சி அதனை அடியொற்றி, 1952-இல் எம்.ஜி.எம். நிறுவனத்தார் வர்ணப் படமாக எடுத்தார்கள். வெறும் பிரதி என்று அதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் முதிய கார்டினலாக அங்கி தரித்துச் சிறிது நேரமே தோன்றும் லூயிஸ் ஸ்டோன்தான், 1922-ஆம் ஆண்டு மௌனப் படத்தில் இரட்டை வேடம் பூண்டு, ருரிட்டானியாவின் மகுடத்தைத் தம் சிரசில் தாங்கிய கதாநாயகர்.